இரட்டைச் சடை

குடித்துவிட்டு லாரியை ஏற்றி ஆளைக் கொன்றால் இப்போது சிறை இல்லை. செத்தவர் வீட்டிலேயே தங்கி, அவர் செய்த வேலைகளைச் செய்ய வேண்டும். பூங்கோதையின் கணவர் தினமும் மகளுக்கு இரட்டைச் சடை பின்னிவிடுவார். அவரைக் கொன்ற செங்கோடன் அதையும் கற்றுக்கொண்டான்.

இரண்டு வருடத் தண்டனை இன்று முடிகிறது. பூங்கோதை அரசு வக்கீலிடம் ஓடி வந்தாள்.

“இன்னும் ஒரு வருஷம் நீட்டிக் குடுங்கம்மா.”

“அன்னைக்கு அவனத் தூக்குல போடச் சொன்னீங்களே?”

“சொன்னேனுங்க. இப்ப நான் பின்னுனா பாப்பா அவுத்துப் போட்டுடறா. அவன்தான் வேணுங்கறா.”

வக்கீல் ஜன்னலைக் காட்டினார். கீழே, தலை வாராத ஒரு சிறுமி செங்கோடனின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவனுடைய மகள்.

பூங்கோதை ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

“மொதல்ல அந்தப் புள்ளைக்குத் தலை வாரிவிடச் சொல்லுங்கம்மா.”