பிரேக்குக்குள் காற்று

"முதல் அநியாயம்: ஏர்கான் ஓடாத வண்டியைக் குடுத்து வெயில்ல ஆளை ஓட்ட விட்டீங்க. ரெண்டாவது: கமலா ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப, சொல்லாம கொள்ளாம அவ வண்டியைத் தூக்கிட்டுப் போனீங்க. மூணாவது: போன வாரம் பொங்கோல்ல திலீப் வண்டியில பிரேக் பிடிக்கல. சுவத்துல மோதினான். ஓட்டத் தெரியாதவன்னு பழியை அவன் தலையிலயே போட்டீங்க. வரிசை சரியா, மேனேஜர் சார்?"

சிங்கப்பூரின் பூன் லே வொர்க்ஷாப் முழுக்கக் கேட்டது செல்லக்கண்ணுவின் குரல். வாடகைக் கார் ஓட்டுநர்களுக்காக ஆண்டுக்கணக்கில் கத்திப் பழகிய குரல்.

கார் கம்பெனி மேனேஜர் ஷங்கர் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"செக் பண்ணத்தானே வந்திருக்கோம் அங்கிள். பண்ணலாம் லா."

"அங்கிள் இல்ல. தலைவர்."

கம்பெனி மெக்கானிக் கூடாது, வெளி மெக்கானிக் காதர் மைதீன் பாய்தான் பார்க்க வேண்டும், சாட்சிகள் முன்னால் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று இந்தச் சோதனைக்கு ஏற்பாடு செய்தவரே அவர்தான். கமலாவும் இன்னும் சில ஓட்டுநர்களும் கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

திலீப் மட்டும் தலைகுனிந்து நின்றான்.

"அண்ணே, விட்டுடுங்கண்ணே. நான் வேற வேலை பாத்துக்கிறேன்."

"வாயை மூடுடா. கைக்குழந்தையை வச்சுக்கிட்டு எங்க போய் நிப்பே? உனக்காகத்தான் இவ்வளவும்."

ஷங்கர் நிமிர்ந்தார். "இப்பவே சொல்லிடுறேன். தப்பு டிரைவர் மேலன்னா, பேரு எல்லா கம்பெனிக்கும் போயிடும். அப்புறம் சிங்கப்பூர்ல ஒருத்தனும் வண்டி தர மாட்டான்."

"தப்பு உங்க மேலன்னா?"

"எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேட்டு, சாவியைத் திலீப் கையில குடுக்கிறேன். போதுமா?"

"போதும். ஆரம்பிங்க பாய்!"

காதர் மைதீன் பெடலை மிதித்தார். கால் அடிவரைக்கும் போனது.

"பஞ்சு மெத்தை மாதிரியில்ல இருக்கு!"

இறங்கி வந்து நாலு சக்கரத்தையும் பார்த்தார். டிஸ்க் நன்றாக இருந்தது. பேட் தேயவில்லை. எங்கும் எண்ணெய் ஒழுகவில்லை. கம்ப்யூட்டரை மாட்டி பம்ப்பை ஓடவிட்டு, சக்கரத்தருகே பிரேக் எண்ணெய்த் திருகைக் கொஞ்சம் திறந்தார். கண்ணாடிக் குழாயில் எண்ணெயோடு நுரை நுரையாக வந்தது.

"பாத்துக்குங்க, சோடா! உள்ள பூரா காத்து."

"அப்புறம் எப்படி பாய் இத்தனை நாள் ஓடுச்சு?" என்றாள் கமலா.

"ஹைபிரிட் லா இது. மெதுவா நிறுத்தினா மோட்டரே வண்டியைப் பிடிச்சுக்கும். எண்ணெய் பிரேக்குக்கு அவ்வளவா வேலை இருக்காது. திடீர்னு அழுத்தி மிதிச்சாத்தான் குட்டு வெளியில வரும்."

"காத்து எப்படி உள்ள போச்சு?"

"எவனோ எண்ணெய் மாத்தியிருக்கான். பழைய கார்ல செய்யுற மாதிரி, ஒருத்தன் பெடலை மிதிக்க, ஒருத்தன் கீழ படுத்துத் திருகைத் திறக்க. இந்த வண்டிக்கு அது ஆகாது. கம்ப்யூட்டர்தான் பம்ப்பை ஓட்டணும். இல்லன்னா காத்து உள்ளயே தங்கிடும்."

காற்று முழுவதையும் வெளியேற்றிவிட்டு மறுபடி மிதித்தார். பெடல் கல் மாதிரி நின்றது.

"இந்த வண்டிக்கு நாங்க இன்னும் எண்ணெயே மாத்தல," என்றார் ஷங்கர். "வெளியில யாரோ கை வச்சிருக்காங்க."

"பொய்!" செல்லக்கண்ணு மேசையில் அடித்தார். "உங்க ஆள்தான் செஞ்சிருக்கான். அந்தக் கொலைகாரன் பேரு எனக்கு வேணும். அவன் இனிமே இந்த ஊர்ல ஒரு காரையும் தொடக் கூடாது!"

ஓட்டுநர்கள் கைதட்டினார்கள்.

ஷங்கர் கைப்பேசியில் ஏதோ தட்டி, செல்லக்கண்ணுவிடம் நீட்டினார். "நடந்ததை எழுதிட்டேன். பேரு மட்டும் பாக்கி. நீங்களே சத்தமா படிங்க. எல்லாரும் கேட்டுக் கையெழுத்துப் போடட்டும்."

"படிக்கிறேன். எனக்கென்ன பயம்? திலீப், யாருடா அது?"

திலீப் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

செல்லக்கண்ணு அவனைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனார். "பயமா இருந்தா என் காதுல சொல்லு. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

"அண்ணே..." திலீப்பின் குரல் மூச்சாகத்தான் வந்தது. "தீபாவளிக்கு முன்னாடி, தேக்கா கார்பார்க்குல. மறந்துட்டீங்களா? நான் மிதிச்சேன், நீங்க திறந்தீங்க. கம்ப்யூட்டர் மாட்டுறதெல்லாம் ஊரை ஏமாத்துற வேலைடான்னு சிரிச்சீங்க. சும்மாவே செஞ்சு குடுத்தீங்க. அந்த நன்றிக்குத்தான்ணே நான் யார்கிட்டயும் வாயைத் திறக்கல. நீங்களே பாத்து ஏதாவது சொல்லிடுங்க."

செல்லக்கண்ணு கையிலிருந்த கைப்பேசியில், பேருக்காக விட்டிருந்த இடத்தைப் பார்த்தார்.

"என்னண்ணே, பேரு கெடைச்சுதா?" கமலா கூப்பிட்டாள். "சீக்கிரம் வாங்க, வீடியோ ஓடுது!"

"கெடைச்சுது."

வெளியே வந்தார். எல்லாக் கைப்பேசிகளும் அவர் பக்கம் திரும்பின. தொண்டையைச் செருமிக்கொண்டு, மேடையில் படிப்பது போலவே, கடைசியில் நின்றவருக்கும் கேட்கும்படி படித்தார்.

"இந்தக் காரின் பிரேக்கில் முறை தெரியாமல் கை வைத்து, வண்டியைக் கெடுத்தவர் பெயர்: திலீப்."