ஒரு வேலிக்குச் சொந்தக்காரன்

மண்டையில் ஏழாவது தையல் விழும்போதுதான் வீரையனுக்குத் தன்னை நினைத்தே சிரிப்பு வந்தது.

மாற்று வேட்டிக்கு வழியில்லாதவன் வரப்பில் ஏறி நின்று, என்னைக் கேட்காமல் என் நிலத்தில் ஏர் பூட்டாதே என்று மிராசுதாரின் ஆட்களை அதட்டினால், மண்டை உடையாமல் மாலையா விழும்?

டாக்டர் போலீசுக்குத் தகவல் எழுதப் பேனாவை எடுத்தார். மிராசுதாரின் ஏஜெண்டு பஞ்சநதம் பதறி முன்னால் வந்தார்.

“அடிதடியெல்லாம் இல்லைங்க டாக்டர். இவன் கிறுக்கன். ஒரு வேலி நிலம், கிட்டத்தட்ட ஏழு ஏக்கர், தன்னுதுன்னு ஒரு வாரமா உளர்றான். அவனாவே மதகுல விழுந்து உடைச்சுக்கிட்டான்.”

டாக்டர் வீரையனை ஏற இறங்கப் பார்த்தார். உனக்கு நிலம் இருக்கிறதா, யோசித்துச் சொல், இருக்கிறது என்றால் கீழ்ப்பாக்கம் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு எழுத வேண்டியிருக்கும் என்றார். அவர் மேல் குற்றமில்லை. இந்தக் கோலத்தைப் பார்த்தால் வீரையனே நம்பியிருக்க மாட்டான்.

கீழ்ப்பாக்கம் போய்த் திரும்பியவர் என்று அவன் தெருவில் ஒருவரும் கிடையாது. வெளியே வேப்பமரத்தடியில் அவன் பெண்டாட்டி ராமாயி அழுதுகொண்டிருந்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அவளோடு வீட்டுக்குப் போகலாம்.

ஆனால் நிலம் இருந்தது.

ஒரு ஆள் இவ்வளவுதான் நிலம் வைத்துக்கொள்ளலாம் என்று உச்சவரம்புச் சட்டம் வந்தபோது, மிச்சத்தைச் சர்க்காரிடமிருந்து காப்பாற்ற, பண்ணையிலேயே பெரிய இளிச்சவாயனாகப் பார்த்து மிராசுதார் பத்திரம் எழுதிவைத்தார். வீரையன் வாழ்க்கையில் முதலிடம் வாங்கியது அது ஒன்றில்தான்.

இப்போது அதை அவருடைய மருமகன் பேருக்கு மாற்ற வேண்டுமாம். முடியாது என்று வரப்பில் ஏறி நின்றதற்குத்தான் இந்த ஏழு தையல். வெள்ளிக்கிழமை ரிஜிஸ்தர் ஆபீசில் விரலைப் பிடித்து அழுத்தியாவது கைநாட்டு வாங்கிவிடுவார்கள். அங்கே அவனை யார் கேட்கப்போகிறார்கள்?

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் தவளை தான்தான் என்று இவ்வளவு நேரமும் நினைத்திருந்தான்.

மெதுவாகக் கேட்டான். “டாக்டரய்யா, கிறுக்கன் வைக்கிற கைநாட்டு செல்லுங்களா?”

செல்லாது என்று டாக்டர் தலையாட்டினார்.

பஞ்சநதத்தின் முகம் செத்துப்போனது. அவ்வளவு கிறுக்கு இல்லைங்க, கொஞ்சம்தான் என்று ஏதோ இழுத்தார்.

வீரையன் முதன்முறையாக ஏஜெண்டை நன்றியோடு பார்த்தான். வெளியே ராமாயியின் அழுகை கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“கீழ்ப்பாக்கத்துக்கே எழுதுங்கய்யா. ஒரு வேலியும் என்னுதுதான்.”