ஆறா எட்டா

பன்னிரண்டாம் தட்டிலிருந்த குஞ்சுக்கும் கண் ஆறுதான்.

தையல்காரி மைக்ராஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தாள். ஆறேதான். கடுகில் பாதிகூட இல்லாத சிலந்திக் குஞ்சு, முன்கண் இரண்டும் இருக்க வேண்டிய இடத்தை மொழுமொழுவென்று காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

தாளில் அந்தக் கடைசிக் கட்டம் மட்டும் காலி. எட்டு என்று போட்டு, மேலே இன்னும் சில கட்டங்களையும் திருத்திவிட்டால், பக்கத்து வீட்டுப் பெண்ணின் இரண்டு வருஷ ஆராய்ச்சி பிழைத்துக்கொள்ளும்.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவளுக்குத் தெரியாமல் இந்தக் குடியிருப்பில் எது நடந்திருக்கிறது? மாடிப்படியைப் பார்த்த ஜன்னலோரம் தையல் மெஷினைப் போட்டவள். யார் வீட்டுக்கு என்ன பார்சல் வருகிறது என்று வாங்குகிறவருக்கு முன்பே சொல்லிவிடுவாள். குடியிருப்பில் அவளுக்கு சிசிடிவி என்று பெயர். அது அவள் காதுக்கும் வந்தாயிற்று, வைத்தது யார் என்பது உட்பட.

அப்படிப்பட்டவளைத் தேடிப் பிடித்துத்தான் அந்த ஆராய்ச்சிக்காரப் பெண், எதையும் தெரிந்துகொள்ளக் கூடாத வேலையைக் கொடுத்தாள்.

பன்னிரண்டு தட்டு, தட்டுக்கு ஒரு குஞ்சு. அவற்றில் சிலதுக்கு, முட்டைக்குள் இருக்கும்போதே ஊசி போட்டு ஒரு மரபணுவின் வாயை அடைத்திருந்தாள். எவை என்று எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்குமாம். ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்துபோனதால் மைக்ராஸ்கோப் வீட்டுக்கு வந்தது. பட்டியல் மட்டும் ஒட்டிய உறைக்குள், மேசை இழுப்பறையில்.

பார்த்துடாதீங்கக்கா என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு அவள் வகுப்பெடுக்கப் போனாள்.

அக்கா பதினேழு நிமிஷம் தாக்குப்பிடித்தாள். பிறகு உறையைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போனாள். இஸ்திரிப் பெட்டியில் ஆவி வேறு எதற்கு வருகிறது?

ஊசி போட்டவை இரண்டு, ஐந்து, ஆறு, ஒன்பது.

பிரித்தது தெரியாமல் ஒட்டி வைத்துவிட்டு எண்ண உட்கார்ந்தாள். அங்கேதான் கணக்கு இடித்தது. அந்த நான்கு குஞ்சும் எட்டுக் கண்ணும் விட்டெறிய ஜம்மென்று இருந்தன. பட்டியலில் இல்லாத ஒன்று, நான்கு, எட்டு, இப்போது பன்னிரண்டு, இவைதான் முன்கண் இல்லாமல் விழித்தன.

முன்கண் கதை அவளுக்கு மாடிப்படியிலேயே தெரியும். சிலந்தியின் முன்கண் இரண்டும் மற்ற ஆறும் கருவில் வேறு வேறு இடத்தில் முளைக்கின்றன என்று அந்தப் பெண் சொன்னபோது, அப்படியென்றால் ஒரே முகத்தில் மூத்த தாரத்துப் பிள்ளை இரண்டு, இளைய தாரத்துப் பிள்ளை ஆறு என்று இவள்தான் உறவுமுறை சொன்னாள். எத்தனையோ கோடி வருஷத்துக்கு முன்பே மூத்த தாரத்தைத் தொலைத்துவிட்டு ஆறு கண்ணோடு குடித்தனம் நடத்தும் சிலந்திகளும் உண்டாம். தொலைத்தது எந்த மரபணு என்பதுதான் தேடல். ஊசி போட்டதற்கு மட்டும் முன்கண் வராவிட்டால், அதுதான்.

இந்தத் தடவையும் பொய்த்தால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று போன வாரம் அவள் போனில் அம்மாவிடம் சொன்னாள். சுவர் மெல்லியது.

எட்டே எட்டுக் கட்டம். ரப்பர் பக்கத்திலேயே இருந்தது.

தையல்காரி மூன்றாவது முறை குனிந்தாள். இல்லாததை இருக்கிறது என்று எத்தனையோ பேரைப் பற்றி அவள் கூசாமல் சொல்லியிருக்கிறாள். இந்தக் கடுகளவு ஜீவனைப் பற்றிச் சொல்லக் கை வரவில்லை. அதோடு, அந்த இரண்டு கண்ணும் எங்கேதான் போயின என்று அவளுக்கே தெரிந்தாக வேண்டியிருந்தது.

ஆறு என்று எழுதினாள்.

எழுதி முடிக்கவும் அந்தப் பெண் கதவைத் திறந்துகொண்டு வரவும் சரியாக இருந்தது. தாளை நீட்டிய கையோடு, அழுதால் சொல்லவேண்டிய ஆறுதலையும் தையல்காரி மனதுக்குள் தைத்து வைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண் இழுப்பறைப் பக்கமே போகவில்லை. செல்போனைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரலை இறக்கினாள். கடைசி வரிக்கு வந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பன்னண்டும் சரியா வந்திருக்குக்கா."

"அதெப்படி கண்ணு? ரெண்டு, அஞ்சு, ஆறு…" என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"பிரிச்சுடுவீங்கன்னு தெரியும்க்கா. அதான் உறைக்குள்ள தப்பா எழுதி வெச்சேன்."