விடாத மஞ்சள்

மாதிரிக் கப்பல்களைப் புதுப்பிப்பவர், ஒரு பழைய கப்பலின் வெள்ளை பெயிண்ட் மேல் மஞ்சளாகப் பழுத்திருந்த வார்னிஷைப் பஞ்சால் துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்தார். மஞ்சளோ விடாக்கண்டனாக நின்றது.

"கைராசி போயிடுச்சுடி. கடையை மூடிடலாம்."

"பால் மாதிரி வெளுத்திருக்கு! இன்னும் தேய்ச்சா பெயிண்ட்டே போயிடும்," என்றாள் மனைவி.

ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து அவர் மறுபடியும் பஞ்சை நனைத்தார்.

கப்பலைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்த சொந்தக்காரர் வந்தார். "அடடா, என்ன வெள்ளை!"

"கிண்டலா சார்? உங்க சட்டை மாதிரி மஞ்சளா இருக்கே!"

வந்தவர் தன் வெள்ளைச் சட்டையைக் குனிந்து பார்த்தார். பிறகு அவரை ஜன்னலருகே இழுத்துப்போய், இமையை விரித்துப் பார்த்தார்.

"கப்பல்ல மஞ்சளே இல்ல. உங்க கண்ணுலதான் புரை விழுந்திருக்கு. என் ஆஸ்பத்திரிக்கு வாங்க, எடுத்துடறேன்," என்று சிரித்தார் அந்தக் கண் டாக்டர். "உங்களை மாதிரி மாசக்கணக்கா இழுக்க மாட்டேன்!"