அழும் தாயின் முகம்

“சிரிச்ச மூஞ்சிக்காரிய உட்கார வச்சிட்டு அழு அழுன்னா எங்கேருந்துங்க அழுகை வரும்?” என்றாள் லொரெடானா.

இத்தாலியின் கராரா மலைச் சலவைக்கல் குவாரிகளில் இறந்தவர்களின் நினைவாக, அழும் தாய் ஒருத்தியைக் களிமண்ணில் உருவாக்கிக்கொண்டிருந்தார் சிற்பி ஒரேஸ்தே. ஒரு மாதமாக முகம் மட்டும் அமையவில்லை. வழக்கமாகக் கத்துவார். இன்று ரேடியோதான் கத்தியது. ஜன்னல்களையும் சாத்தி வைத்திருந்தார்.

“காது கிழியுது. ஆளை விடுங்க. குவாரியிலேருந்து நேரியோ சாப்பிட வந்துடுவான். எம்புள்ள பசி தாங்கமாட்டான்.”

“இன்னும் கொஞ்சம் உட்காரு.”

களிமண்ணை ஈரமாக்கிப் பிசைந்து வைத்துக்கொண்டார். பிறகு ரேடியோவை அணைத்து, ஜன்னலைத் திறந்தார்.

மலையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. யாராவது இறந்தால்தான் அத்தனை குவாரிகளும் ஒன்றாக வேலையை நிறுத்தும்.

“யாரு?” என்றாள். முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது.

“காலையிலேயே குவாரி மேஸ்திரி உன்னைத் தேடி வந்தாரு. நானே சொல்லிக்கிறேன்னு வாசல்லயே அனுப்பிட்டேன்.”

அவள் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

ஒரேஸ்தேயின் விரல்கள் களிமண்ணில் பரபரவென்று ஓடின.

“அப்படியே இரு,” என்றார் மெதுவாக. “அசையாத.”