மாடியைக் காலி பண்ணி...

அகராதிக்காரர் ‘கா’ வரிசையில் மூழ்கிக் கிடந்த நேரத்தில், அவர் திறந்துவிட்டு மறந்த குழாய் வாளியை நிரப்பி, குளியலறையை நிரப்பி, கீழே வீட்டுக்கார அம்மாவின் தலையணை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஏற்கெனவே இரண்டு வாரமாக, சாயங்காலமானால் அந்த அம்மா மேலே வந்து, “சார், இந்த மாடியக் காலி பண்ணி...” என்று ஆரம்பிப்பார். இவர் உடனே ஏதாவது ஒரு சொல்லின் பூர்வீகத்தை எடுத்துவிட்டு, அன்றைய பொழுதை ஒப்பேற்றிவிடுவார். இன்று தண்ணீரும் சேர்ந்துகொண்டது. போச்சு.

அறை முழுக்கச் சீட்டுகள். கட்டில், ஜன்னல், தரை என்று நாலாயிரம் சொற்கள். கரையானுக்குப் பயந்து மூன்று வீட்டுக்காரர்கள் முன்பே துரத்திவிட்டார்கள். இதையும் விட்டால் ஐந்தாவதாக யார் இடம் கொடுப்பார்கள்?

படியில் காலடிச் சத்தம். நின்றது. மறுபடி கேட்டது. கடைசிப் படியில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் அம்மா உள்ளே வந்தார்.

“தண்ணி கிடக்கட்டும் சார். இந்த மாடியக் காலி பண்ணி...”

“காலி!” என்று பாய்ந்தார் அகராதிக்காரர். “அது எந்த ஊர்ச் சரக்கு தெரியுமாம்மா? அரபி! வெறுமையா இருக்கிறதுன்னு அர்த்தம். உருது வழியா வந்து நம்ம வாயில குடியேறிடுச்சு. குடிவந்த சொல்லு, இன்னிக்கு நம்மளையே வெளிய போகச் சொல்லுது பாருங்க!”

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “அட! அதுக்கு முன்னாடி நம்மாளுங்க என்ன சொன்னாங்களாம்?”

“குடியெழுப்புறதுன்னு ஒரு சொல்லு இருந்துச்சும்மா. எழுப்புறதுன்னா என்ன? பச்சப் புள்ளய எழுப்புற மாதிரி, மெதுவா, தட்டிக் குடுத்து...”

“சரி சார், நான் என்ன சொல்ல வந்தேன்னா...”

“வருஷக்கணக்குல கூட எழுப்பலாம்மா!”

“சார்!” முப்பது வருடம் தபாலாபீஸ் ஜன்னலில் வரிசையை அடக்கிய குரல் அது. “ரெண்டு வாரமா ஒரு வாக்கியத்த முடிக்க விட்டீங்களா? கொஞ்சம் வாய மூடுங்க.”

மூடினார். கண் தானாகப் பரண்மேல் இருந்த பெட்டியைத் தேடியது.

“எப்பம்மா காலி பண்ணணும்?” என்று கேட்டார். “சுத்தி வளைக்காம சொல்லிடுங்க.”

“நாளைக்கே.”

அவர் குனிந்து, தரையில் கிடந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார்.

“இந்த முட்டிய வெச்சிக்கிட்டு எத்தனை நாளைக்குத்தான் மாடியேறி வந்து கதை கேக்கிறது? கீழ முன்னறைக்கு வந்துடுங்க சார்.”