நரம்பு கிடைக்கவில்லை

“ஊசிய அவர் கையிலயே குடுங்க.”

ஜா ரோய் இதைச் சொன்னது குழாய்த் தண்ணீர்ச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. என்ன வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று உதவியாளாக வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

அப்படிச் சொல்லிவைத்தவர், எல்லோரும் சயா, அதாவது ஐயா, என்று கூப்பிடும் வின் நைங். மியான்மரின் மிச்சினாவில் இருக்கும் அந்தச் சின்ன மருத்துவமனையில் இருபது வருடமாக ரத்தம் எடுப்பவர். கை கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே சிரித்தார்.

“காலேஜுக்குப் போன பொண்ணு பேசுது, கேட்டுக்கோங்க.”

அவருடைய காரணம் அவளுக்கு மனப்பாடம். போதை ஊசி போடுகிற பவுடர்காரன் கையில் ஊசி போனால் நம்மைக் கீறிவிடுவான். கீறினால் மூன்று நாளைக்குள் நாமும் தடுப்பு மாத்திரைக்கு ஓட வேண்டும், அவன்களோடு வரிசையில் நிற்க வேண்டும். நோயைப் பற்றிப் பேசும்போதுகூட அவர் முகம் அவ்வளவு கோணாது. வரிசை என்று வரும்போதுதான் கோணும்.

முக்காலியில் இருந்தவர் பெயர் ஸாவ் தூ. பச்சைக்கல் சுரங்கத்தில் மண் கிளறியவர். எச்.ஐ.வி. இருப்பது போன மாதமே விரல் நுனி ரத்தத்தில் தெரிந்துவிட்டது. மாத்திரை தொடங்க ஒரு குப்பி ரத்தம் வேண்டும் என்பது இங்கே சட்டம். மூன்று தடவை வந்தார், மூன்று தடவையும் கை முழுக்கக் குத்து வாங்கித் திரும்பினார். ‘நரம்பு கிடைக்கவில்லை. நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று வின் நைங் கோப்பில் எழுதி வைத்தார். இதுதான் கடைசி, இனி வரமாட்டேன் என்று இன்று வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் ஸாவ் தூ உள்ளே வந்தார்.

இன்றும் இரண்டு குத்து ஆயிற்று. வின் நைங் கையுறை போடமாட்டார். போட்டால் நரம்பு தட்டுப்படாதாம். இரண்டாவது குத்தில் ஊசியை வெடுக்கென்று உருவி, ‘சீ’ என்று பெட்டியில் எறிந்துவிட்டுக் குழாயடிக்குப் போனவர், இப்போது மூன்றாம் முறை சோப்புப் போடுகிறார். அசிங்கத்தைத் தொட்டுவிட்டார் பாவம்.

இந்த ஆளையா ஒரு வருடமாக எழுந்து நின்று சயா, சயா என்று கூப்பிட்டோம் என்று ஜா ரோய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. புது ஊசியை உறை பிரித்து ஸாவ் தூவிடம் நீட்டினாள்.

அவர் கையைப் பார்க்கவே இல்லை. லுங்கியை ஒதுக்கிக் குனிந்து, கணுக்காலை விரலால் தடவினார்.

“கையில தேடுனா எப்படி தங்கச்சி? அதெல்லாம் எட்டு வருசத்துக்கு முன்னாடியே போச்சு.”

ஒரே குத்து. குப்பி நிறைந்தது. பஞ்சை அழுத்திக்கொண்டு, ஊசியைத் தானே பெட்டியில் போட்டார். வாசலில் நின்று ஜா ரோயை அழைத்து, காதில் ஏதோ சொல்லி, மருத்துவரைப் பார்ப்பதற்கான தன் டோக்கனை அவள் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அவள் திரும்பி வந்தபோது வின் நைங் நாற்காலியில் இருந்தார். இடது கையில் மட்டும் கையுறை ஏறியிருந்தது. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, சாயங்காலத்துக்குள் பெரிய டாக்டரிடம் சொல்லி அவள் சீட்டைக் கிழிக்கப் போவதாகச் சொன்னார். அவனுக்கு ஊசி பிடித்துப் பழகிய கை, அதில் என்ன பெரிய சாமர்த்தியம் என்றும் சொன்னார்.

ஜா ரோய் அலமாரியிலிருந்து ஒரு பதிவேட்டை எடுத்து, நின்றபடியே இரண்டு வரி எழுதினாள். யாரையும் கேட்கவில்லை. பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டோக்கனை அவர் முன்னால் வைத்தாள்.

“இது எதுக்கு எங்கிட்ட?”

அவள் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“ரெண்டாவது குத்துல ஊசி உங்க விரல்லயும் ஏறிடுச்சாமே சயா, போய் வரிசையில அவரு இடத்துல நில்லுங்க.”